பெற்றோருக்கும் ஓய்வு வேண்டும்: யாரிடம் கேட்பது, எங்கே போவது?

காலை நேரத்தில் பொத்தேரி ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால், தோளில் பையோடு இறங்கும் மாணவர் கூட்டம்தான் கண்ணில் படும். ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்ளே போகும் தெருக்களில் இருப்பவர்கள் வேறு. மறைமலைநகர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், மகேந்திரா சிட்டிக்கு கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள், தாம்பரம் வரை மின்சார ரயிலில் போய் வருகிறவர்கள். இவர்களில் பலர் திருநெல்வேலி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று வெளியூரிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருப்பவர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாத வீடுகளும் உண்டு.

அப்படி ஒரு வீட்டை மனசில் நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதக் குழந்தை. கணவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்க வேண்டும். ஐந்து மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்ட அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். குழந்தைக்கு மூன்று நாளாகச் சளி, இரவெல்லாம் அழுகை. நான்காவது நாள் மதியம், அழுகையை நிறுத்தாத குழந்தையை அடிக்க அந்தப் பெண்ணின் கை ஓங்கிவிடுகிறது. அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையைப் பார்த்து அவளே பயந்துபோகிறாள். "நான் நல்ல அம்மாவே இல்லையோ?" என்று அழுகிறாள்.

அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டுகிறார். "ஏம்மா, குழந்தைய என்கிட்ட குடு. நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கு. அப்புறம் பேசிக்கலாம்" என்கிறார்.

இது கற்பனை வீடுதான். ஆனாலும் இதைப் படிக்கிற பலருக்கு இது சொந்த வீடு போலவே தெரியலாம். அந்த அக்கா கொடுத்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஓய்வுப் பராமரிப்பு. குழந்தையையோ, தொடர்ந்து உதவி தேவைப்படும் ஒருவரையோ கவனித்துக்கொள்பவருக்குச் சிறிது நேரம் விடுப்பு கொடுத்து, அந்த நேரத்துக்கு வேறொருவர் பொறுப்பேற்பதுதான் அது. இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், இரண்டு வாரமாகவும் இருக்கலாம். இந்த ஓய்வை யாரிடம் கேட்பது, அரசின் எந்தச் சேவை எதற்கு உதவும், எதுவும் கிடைக்காத நாளில் என்ன செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

இது நமக்குப் புதுசு இல்லை

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போவது நம்ம ஊர் வழக்கம். வளைகாப்பு முடிந்து போனால், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் திரும்பி வருவார். குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி, பத்தியச் சாப்பாடு செய்ய அம்மா, தூக்கி வைத்துக்கொள்ளச் சித்தி என்று அங்கே ஆள் இருக்கும். பெற்றவளுக்குத் தூக்கமும் சாப்பாடும் கிடைக்கும். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் அது முழுமையான ஓய்வுப் பராமரிப்பு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த ஏற்பாடு சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. குழந்தை வளர்ப்போ பல வருஷ வேலை. தனிக்குடித்தனம், ஷிப்ட் வேலை, வயதான பெற்றோரின் உடல்நிலை, பிறந்த வீட்டின் தூரம் எல்லாம் சேர்ந்து, ஆறாவது மாதத்திலிருந்து பாரம் முழுவதும் ஒருவர் தலையில் வந்து இறங்குகிறது. இரண்டாவது குழந்தை, தனியாக வளர்க்கும் அம்மா அல்லது அப்பா, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளை என்றால் பாரம் இன்னும் கூடும்.

ஆகவே, "எல்லாரும் வளர்க்கலையா, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வியில் நியாயம் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் வளர்த்தார்கள்; ஆனால் யாரும் தனியாக வளர்க்கவில்லை.

சோர்வா, நோயா?

குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும், எரிச்சல் வருவதும் மிகவும் சாதாரணம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் கீழே சொல்பவை தொடர்ந்தால், அதை வெறும் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது.

• குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருப்பது
• சாப்பிடவே பிடிக்காமல் போவது, எதிலும் ஆர்வம் இல்லாமல் இருப்பது
• குழந்தையைப் பார்த்தால் பாசத்துக்குப் பதில் பயமோ வெறுப்போ வருவது
• "நான் இல்லாமலிருந்தால் எல்லோருக்கும் நல்லது" என்ற நினைப்பு

இது மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களில் 19.8 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, மனநலப் பாதிப்பு ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் முதன்மையானது மனச்சோர்வு. அப்பாக்களுக்கும் இது வருவதுண்டு. அவர்கள் அழ மாட்டார்கள். அதிகம் கோபப்படுவார்கள், வீட்டுக்கு லேட்டாக வருவார்கள், குடி கூடும். அதனால் கண்டுபிடிப்பது கடினம்.

இல்லாத குரல் கேட்கிறது, பல நாளாகத் தூக்கமே இல்லை, பேச்சு சம்பந்தமில்லாமல் போகிறது, குழந்தையைப் பற்றி விசித்திரமான பயம் இருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 108-ஐக் கூப்பிடலாம்.

கை ஓங்கிவிடும் அந்த நிமிடத்தில்

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை, உங்களுக்குக் கோபம் தலைக்கேறுகிறது என்றால், இதை மட்டும் செய்யுங்கள்.

1. குழந்தையை உருண்டு விழாத இடத்தில், தொட்டிலிலோ தரையில் விரித்த பாயிலோ, மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணை, போர்வை வேண்டாம்.
2. அறையை விட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். ஐந்து, பத்து நிமிடம் குழந்தை அழுதால் ஒன்றும் ஆகிவிடாது.
3. யாருக்காவது போன் பண்ணுங்கள். "என்னால முடியல, கொஞ்சம் வாங்க" என்று சொன்னால் போதும்.

கோபத்தில் கைக்குழந்தையைப் பிடித்து உலுக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. கழுத்து நிற்காத குழந்தையின் தலை முன்னும் பின்னும் ஆடினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். பிழைத்தாலும் வாழ்நாள் பாதிப்பு மிஞ்சலாம். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

போனை எடுங்க: 14416

மனம் தாங்காத நேரத்தில் பேசுவதற்கு 14416 என்ற எண் இருக்கிறது. மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

கூப்பிட்டால் என்ன நடக்கும்? முதலில் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். "எனக்கு எட்டு மாசக் குழந்தை இருக்கு, நாலு நாளா தூங்கல, கோவம் வருது" என்று ஆரம்பித்தால் போதும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள். நேரில் பார்க்க வேண்டியிருந்தால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள்.

மருத்துவ ஆலோசனைக்குத் தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. தற்கொலை எண்ணம் வந்தால், சென்னையில் 1986 முதல் செயல்படும் சினேகா அமைப்பின் 044-24640050 எண்ணையும் அழைக்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. பெற்றோரும் இந்த எண்ணில் உதவி கேட்கலாம்.

பல அம்மாக்கள் டாக்டரிடம் போகாததற்கு ஒரு பயம் காரணம். "மனநல வார்டுன்னு போனா குழந்தையப் பிரிச்சுடுவாங்களோ?" என்பதுதான் அது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21, இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. சிகிச்சைக்காகத் தங்கியிருக்கும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட அவரது குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. தாயின் நிலையால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும், தற்காலிகமாகப் பிரித்து வைக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சிகிச்சைக்குப் போவது தாய் என்ற உரிமையைப் பறிக்காது.

பகல் பொழுதுக்கு என்ன வழி?

அங்கன்வாடி: தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இரண்டு வயது முடிந்த குழந்தையை அங்கே விடலாம். மதிய உணவு, முட்டை, விளையாட்டோடு கூடிய முன்பருவக் கல்வி எல்லாம் இலவசம். சத்துமாவு வாங்குகிற இடம் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு, காலையிலிருந்து பிற்பகல் வரை கிடைக்கும் அந்த நேரம் பெரிய உதவி. வாடகை வீட்டில் இருப்பவர்களும் சேர்க்கலாம். சொந்த ஊரில் பதிந்திருந்தால், இங்குள்ள அங்கன்வாடி பணியாளரிடம் சொல்லுங்கள்.

காலை உணவு: அரசுத் தொடக்கப் பள்ளியில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இந்தத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆறு மணிக்கு ஷிப்ட் பஸ் பிடிக்க வேண்டிய பெற்றோருக்கு, காலையில் அடுப்படியில் நிற்கும் ஒரு வேலை குறைகிறது.

வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம்: 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவந்த இந்த விதி, 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. இங்கே 50 பேர் என்பது மொத்தப் பணியாளர் எண்ணிக்கை; 50 பெண்கள் என்று அர்த்தம் இல்லை. காப்பகம் நிறுவனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சில நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாகவும் வைக்கலாம். தாம்பரம் மெப்ஸ், மறைமலைநகர் போன்ற தொழில் பகுதிகளில் வேலை பார்ப்பவர்கள், "நம்ம கம்பெனியில காப்பகம் எங்கே இருக்கு?" என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். ஒருவராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், நாலு பேராகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்.

சிறப்புக் குழந்தையின் பெற்றோருக்கு

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு போன்ற நிலைகளோடு வாழும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, மற்ற பெற்றோரைப் போல "இன்னும் இரண்டு வருஷத்தில் சரியாகிவிடும்" என்ற ஆறுதல் கிடையாது. பிள்ளைக்கு இருபது வயதானாலும் குளிப்பாட்ட, ஊட்டிவிட, தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். அம்மாவுக்கு முதுகுவலி வந்தாலும் விடுப்பு இல்லை. உறவில் ஒரு கல்யாணம் என்றால் வீட்டில் ஒருவர்தான் போக முடியும். இவர்களுக்கு ஓய்வுப் பராமரிப்பு சலுகை அல்ல, அடிப்படைத் தேவை.

இங்கிலாந்தில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்குக் குறுகிய கால ஓய்வுச் சேவை தருவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 2011 முதல் விதி இருக்கிறது. நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பராமரிப்பவர் யார் என்பதையும் வரையறுக்கிறது. அதிக உதவி தேவைப்படுபவர்களுக்கான பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் பேசுகிறது. நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

1. சந்தேகம் வந்த உடனே காட்டுங்கள். குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை, கழுத்து நிற்கவில்லை என்றால், "போகப் போகச் சரியாயிடும்" என்று காத்திருக்க வேண்டாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதிக்கலாம். அங்கன்வாடி, பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவும் இந்த மையத்துக்குப் பரிந்துரைக்கும்.

2. அடையாள அட்டை வாங்குங்கள். யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். முடியாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு அட்டை கிடைக்கும். மற்ற உதவிகளுக்கெல்லாம் இந்த அட்டைதான் வாசல்.

3. பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாடு, கடுமையான உடல் பாதிப்பு, தசைச்சிதைவு நோய் போன்ற பிரிவினருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். விவரத்துக்கு மாநில உதவி எண் 1800 425 0111.

4. நிராமயா காப்பீடு எடுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தெரபி செலவும் இதில் அடங்கும். வயது வரம்பு இல்லை. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனையும் இல்லை.

5. தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் கேளுங்கள். இதே தேசிய அறக்கட்டளையின் 'சமர்த்' திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, குடும்பங்களுக்கு ஓய்வு தருவது. பெற்றோருக்கு ஆபரேஷன், வீட்டில் துக்கம், வெளியூர்ப் பயணம் போன்ற நேரத்தில் பிள்ளையைச் சில நாட்கள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வார்கள். இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. அவசரம் வந்த பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்பே விசாரித்து, ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, பிள்ளைக்கும் அந்த இடத்தைப் பழக்கி வையுங்கள்.

6. பதினெட்டு வயதை மறக்காதீர்கள். இந்த நான்கு நிலைகளில் உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், சட்டப்படியான காப்பாளர் நியமனம் தேவைப்படலாம். பெற்றோராக இருந்தாலும் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு இதை முடிவு செய்யும்.

பொத்தேரியிலிருந்து போய்வரும் தூரத்தில் இன்னும் சில இடங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகலாம். சிகிச்சையோடு, வீட்டில் எப்படிப் பயிற்சி தருவது என்று பெற்றோருக்கும் சொல்லித்தருவார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையம் சோழிங்கநல்லூரில் உள்ளது. இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகளை அங்கே ஒரே கூரையின் கீழ் பெறலாம். பள்ளி வயதுப் பிள்ளை என்றால் காட்டாங்கொளத்தூர் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைக் கேளுங்கள். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து கற்றுத்தரும் ஏற்பாடும் இருக்கிறது. சிறப்பாசிரியர் வந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் குளிக்கலாம், நிம்மதியாகச் சாப்பிடலாம். அதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம்.

தெருவிலேயே தொடங்கலாம்

அரசுச் சேவைகள் எல்லாம் இருந்தாலும், இரவு எட்டு மணிக்குக் குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ள ஆள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு நாலைந்து வீடு சேர்ந்தால் போதும்.

சென்னையில் 1985-ல், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் தாயான பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்புதான் இன்று 'வித்யா சாகர்' என்று அறியப்படுகிறது. தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் அவர் பிற்பாடு பணியாற்றினார். பெற்றோர் ஒருவர் மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது சாட்சி. நாம் அமைப்பு தொடங்க வேண்டியதில்லை. அபார்ட்மென்டிலோ தெருவிலோ, சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகள் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டால் போதும். மகளிர் சுய உதவிக் குழு இருந்தால் இன்னும் சுலபம். ஏற்கெனவே ஒருவரை ஒருவர் தெரியும், மாதாமாதம் கூடுகிற பழக்கமும் இருக்கும்.

கல்யாண வீட்டு மொய்யை நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறவர்கள் நாம். அதே போல நேரத்தையும் எழுதலாம். இந்த வாரம் நீங்கள் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் அவர்கள் இரண்டு மணி நேரம். கணக்கு இருந்தால் கேட்கிறவருக்குக் கூச்சம் இருக்காது.

தொடங்கும் முன் சில விஷயங்களைப் பேசிக்கொள்ளுங்கள்.

• முதல் இரண்டு மூன்று தடவை இரண்டு வீட்டாரும் சேர்ந்தே இருங்கள். பழகிய பிறகு விட்டுவிட்டுப் போகலாம்.
• பார்த்துக்கொள்ளும் நேரத்தில் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று முன்பே தெரிய வேண்டும். வேறு ஆளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு வெளியே போகக் கூடாது.
• ஒவ்வாத உணவு, மருந்து, டாக்டர் எண், பெற்றோர் இருவரின் எண் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் எந்த மருந்தும் தரக் கூடாது.
• அடிப்பது, மிரட்டுவது கூடாது. குழந்தையின் போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது.
• திரும்பி வந்ததும் குழந்தையிடம் பேசுங்கள். "அங்க போக மாட்டேன்" என்று சொன்னால் ஏன் என்று பொறுமையாகக் கேளுங்கள். குழந்தையின் பேச்சை நம்புங்கள்.
• சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். நம்பிக்கை அதில்தான் நிற்கும்.

பேச்சுதான் முதல் உதவி

உதவி செய்ய நினைப்பவர்கள், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்வார்கள். சோர்ந்திருப்பவர் அதற்கு எப்போதும் "ஒண்ணும் வேண்டாம், பரவாயில்ல" என்றுதான் பதில் சொல்வார். அதற்குப் பதில், "நாளைக்கு பதினோரு மணிக்கு வந்து குழந்தையப் பாத்துக்கறேன்" என்று நாளும் நேரமும் வைத்துச் சொல்லுங்கள். ஒரு டப்பா சாம்பார் கொண்டுவந்து கொடுங்கள். துணி மடித்துக் கொடுங்கள்.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. "நான் ஹெல்ப் பண்றேன்ல" என்பதில் ஒரு தவறு இருக்கிறது. அது உங்கள் குழந்தையும்தானே! நைட் ஷிப்ட் முடிந்து வருகிற அலுப்பு உண்மைதான். ஆனாலும் வாரத்தில் ஒரு இரவு, குழந்தை அழுதால் எழுவது உங்கள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு இரவில் முழுசாகத் தூங்கி எழுந்தவருக்கு மறுநாள் பொழுது எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

தாத்தா பாட்டியையும் மறக்க வேண்டாம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், அறுபது, எழுபது வயதில் நாள் முழுக்கக் குழந்தையின் பின்னால் ஓடுகிறவர்கள் அவர்கள்தான். கால் வலித்தாலும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது அவர்களுக்கு விடுமுறை கொடுங்கள்.

இப்பவே சேவ் பண்ணுங்க

• 14416: மனநல ஆலோசனை, 24 மணி நேரமும்
• 104: மருத்துவ ஆலோசனை
• 108: ஆம்புலன்ஸ்
• 112: எல்லா அவசர உதவிக்கும்
• 1098: குழந்தைகளுக்கான உதவி
• 181: பெண்களுக்கான உதவி
• 1800 425 0111: மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி
• 044-24640050: சினேகா, தற்கொலைத் தடுப்பு

இவற்றோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் ஒருவரின் எண். அவர் பெயர்கூட இன்னும் தெரியாது என்றால், இன்று சாயந்திரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். "நாங்க எதிர்வீட்டுல இருக்கோம், இவன் பேர் என்னன்னு கேளுங்க" என்று ஆரம்பித்தால் போதும்.